சிகரெட்டை விட்ட பிறகு எழுத்து வருமா?

அன்புள்ள ஐயா,

நாவல் ஒன்று எழுதிக்கொண்டிருக்கிறேன், பாதி தாண்டிவிட்டது. இருபது வருடமாகப் புகைக்கிறேன். நாளொன்றுக்குப் பதினைந்து சிகரெட் ஆகிறது, அதில் பாதிக்கு மேல் எழுத்து மேசையில்தான். போன மாதம் விட்டுப் பார்த்தேன். உடம்பு எப்படியோ தாங்கிக்கொண்டது, எழுத்துதான் நின்றுபோனது. ஒரு பத்தி முடித்தால் அடுத்த வரி வரவில்லை. படபடப்பு, ராத்திரி தூக்கமில்லை, நாலு காபி குடித்தும் தலை தெளியவில்லை. மூன்றாவது வாரம், எழுதிய பத்துப் பக்கத்தையும் கிழித்துப் போட்டுவிட்டுப் பெட்டிக்கடைக்குப் போனேன். அன்றிரவே ஒரு அத்தியாயம் முடிந்தது. மருத்துவர் விட்டே ஆக வேண்டும் என்கிறார். நாவலை முடித்துவிட்டு விடலாமா? எழுதுகிறவனிடமிருந்து சிகரெட்டை எடுத்தால் உண்மையிலேயே ஏதாவது போய்விடுகிறதா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

நாவல் முடியும்வரை காத்திருக்காதீர்கள். நாளை காலையே விடவும் வேண்டாம். பத்து நாள் முன்னேற்பாடு செய்துகொண்டு விடுங்கள். போன முறை உங்களிடம் மனவுறுதி குறைவாக இருந்தது என்று நான் நினைக்கவில்லை. ஏற்பாடு இல்லாமல் இறங்கிவிட்டீர்கள், அதோடு எழுத்தைத் தவறான நாளில் மதிப்பிட்டுவிட்டீர்கள்.

நீங்கள் கிழித்த பக்கங்களுக்கு ஒரு முன்னோடி உண்டு. அமெரிக்க எழுத்தாளர் மார்க் ட்வைன் 1882-இல் எழுதிய கடிதமொன்றில் இதே அனுபவத்தைச் சொல்கிறார். ஒப்பந்தத்துக்காக ஒரு பெரிய புத்தகம் எழுத உட்கார்ந்தபோது அவர் புகைப்பதை விட்டிருந்தார். மூன்று வாரத்தில் ஆறு அத்தியாயம்தான் நகர்ந்தது. அந்த ஆறையும் எரித்துவிட்டு, மாதம் முந்நூறு சுருட்டு என்ற பழைய கணக்குக்குத் திரும்பினார், மூன்று மாதத்தில் புத்தகம் முடிந்தது. புகையில்லாமல் எழுத்தில்லை என்பதற்கு இது நல்ல சான்று போலத் தோன்றும். எனக்கு அதில் கண்ணில் படுவது, புகையில்லாத எழுத்துக்கு அவர் கொடுத்த அவகாசம் மூன்றே வாரம் என்பது. நீங்களும் மூன்றாவது வாரத்தில்தான் கிழித்தீர்கள்.

புகையை உள்ளே இழுத்த பத்து இருபது நொடிக்குள் நிகோட்டின் மூளைக்குப் போய்விடுகிறது. ரத்தத்தில் அது பாதியாகக் குறைய சுமார் இரண்டு மணி நேரம். விட்ட சில மணி நேரத்திலேயே எரிச்சலும் கவனச்சிதறலும் தொடங்கி, இரண்டாம் மூன்றாம் நாளில் உச்சத்துக்குப் போகும், பிறகு மூன்று நான்கு வாரத்தில் மெல்ல அடங்கும். நெடுநாள் புகைத்தவர் மூளையில் நிகோட்டின் வந்து ஒட்டும் ஏற்பிகள் எண்ணிக்கையில் பெருகியிருக்கும், அவை பழைய அளவுக்கு வர ஒன்றரை மாதத்திலிருந்து மூன்று மாதம் ஆகலாம். ஆக, மூன்றாவது வாரத்தில் எழுதியதை வைத்துப் புகையில்லாத எழுத்து இப்படித்தான் இருக்கும் என்று முடிவுகட்டியது, டைபாய்டில் கிடப்பவனை ஓடவைத்து அவன் ஓட்டத்தை அளந்ததற்குச் சமம்.

நிகோட்டின் கவனத்தைக் கொஞ்சம் கூர்மையாக்கும் என்பது உண்மை, அதை மறைக்க வேண்டியதில்லை. புகைக்காதவரிடமும் அந்தச் சிறு விளைவு தெரியும். ஆனால் தினம் பதினைந்து பிடிப்பவருக்குக் கிடைக்கும் தெளிவில் பெரும்பகுதி, முந்தைய சிகரெட் வடிந்ததால் வந்த குறையை அடுத்த சிகரெட் அடைப்பதுதான். அன்றிரவு உங்களுக்கு அத்தியாயம் முடிந்ததும் இதனால்தான். கதை மூன்று வாரமும் உள்ளே ஓடிக்கொண்டுதான் இருந்திருக்கிறது, உட்கார்ந்து எழுத முடியாமல் தடுத்த அவஸ்தை அன்றைக்கு நீங்கியது.

இனி ஏற்பாடு. விடும் தேதியைக் குறியுங்கள். அதற்கு முந்தைய பத்து நாளும், பிடிக்கும் ஒவ்வொரு சிகரெட்டுக்கும் ஒரு வரி நோட்டில் எழுதுங்கள்: மணி என்ன, எழுத்தில் எந்த இடம். உட்காருவதற்கு முன்பா, பத்தி முடிந்த பிறகா, சொல் கிடைக்காமல் நின்றபோதா, அன்றைய வேலை முடிந்த நிறைவிலா? நாலைந்து நாளில் வகை பிரிந்துவிடும். காலையில் எழுந்ததும் பிடிப்பது அநேகமாக நிகோட்டினுக்கானது. மேசையில் பிடிப்பவற்றில் பல வேலையின் இடைவெளிக்கானவை. இரண்டுக்கும் மருந்து வேறு. ஒரே மருந்தால் இரண்டையும் சமாளிக்கப் பார்ப்பதால்தான் பலர் தோற்கிறார்கள்.

ஐந்தாம் நாளிலிருந்து இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எண்ணிக்கையைக் குறைக்க வேண்டாம், இடத்தை மட்டும் மாற்றுங்கள். மேசையில் தீப்பெட்டி, சாம்பல் கிண்ணம் எதுவும் இருக்கக் கூடாது. பிடிக்க வேண்டுமென்றால் எழுந்து வெளியே போய், கையில் நோட்டும் பேனாவும் இல்லாமல், நின்றபடி பிடியுங்கள். கதையை அங்கே யோசிக்காதீர்கள். கையில் சிகரெட் இருந்தால்தான் வாக்கியம் வரும் என்ற பழக்கம், நிகோட்டின் ரத்தத்தில் இருக்கும்போதே அவிழத் தொடங்கிவிடும். விடும் நாளன்று நிகோட்டினோடு போடும் ஒரு சண்டை மட்டும்தான் மிச்சம் இருக்கும். எண்ணிக்கையைக் குறைத்துக் குறைத்து விடும் வழியில் ஒரு சிக்கல் உண்டு: ஐந்தே ஐந்து என்று வைத்துக்கொண்டவர் அந்த ஐந்தையும் ஆழமாக இழுத்துப் பழைய அளவுக்கு அருகில் நிகோட்டினை எடுத்துக்கொள்வார்.

காபியைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் கடிதத்தில் இருக்கும் படபடப்பிலும் தூக்கமின்மையிலும் பாதி காபியால் வந்திருக்கும் என்பது என் கணிப்பு. புகையில் உள்ள தார்ப்பொருட்கள் கல்லீரலில் ஒரு நொதியைத் தூண்டிவிடுகின்றன. காஃபீனைச் சிதைத்து வெளியேற்றுவதும் அதே நொதிதான். அதனால் புகைப்பவர் உடலிலிருந்து காஃபீன் மற்றவர்களைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு வேகத்தில் போய்விடும், நாலு காபி இரண்டு காபியாகத்தான் வேலை செய்யும். புகையை விட்ட ஒரு வாரத்துக்குள் அந்தத் தூண்டல் நீங்கிவிடும். அதே நாலு காபி இப்போது, புகைத்தபோது குடித்த எட்டுக்குச் சமம். கை நடுக்கம், நெஞ்சுத் துடிப்பு, நள்ளிரவு விழிப்பு எல்லாவற்றையும் சிகரெட் இல்லாததால் வந்தது என்று நினைத்துக்கொண்டு திரும்பவும் சிகரெட்டுக்குப் போவார்கள். ஆகவே விடும் நாளிலிருந்தே காபியைப் பாதியாக்குங்கள்: காலையில் ஒன்று, பதினொரு மணிக்கு ஒன்று, மதியத்துக்குப் பிறகு வேண்டாம். டபரா நிறைய டிகாக்‌ஷனைக் கூட்டி அதை 'ஒன்று' என்று கணக்கு வைக்கக் கூடாது. டீயும் இந்தக் கணக்கில் சேரும். நிகோட்டின் சூயிங்கம் போட்டாலும் இதில் மாற்றமில்லை, நொதியைத் தூண்டுவது புகைதான். ஆஸ்துமாவுக்குத் தியோபிலின், மனநலச் சிகிச்சையில் குளோசாபின் அல்லது ஒலான்சபின் எடுப்பவர்களுக்கு இதே காரணத்தால் மருந்தின் அளவு ரத்தத்தில் ஏறும். சர்க்கரைக்கு இன்சுலின் போடுபவர்களுக்கும் அளவு மாறலாம். இவர்கள் எல்லாரும் விடும் தேதியை முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

நிகோட்டின் மாற்றை, அதாவது புகையில்லாமல் நிகோட்டினை மட்டும் தரும் பேட்ச் (தோலில் ஒட்டுவது), கம் (மெல்லும் சூயிங்கம்) போன்றவற்றைப் பயன்படுத்தத் தயங்காதீர்கள். வெறுங்கையோடு விடுவதுதான் வீரம் என்று எழுத்தாளர்களிடம் ஒரு எண்ணம் இருக்கிறது, அதனால் நாவலுக்கு ஒரு நன்மையும் இல்லை. நாளுக்குப் பத்துக்கு மேல் பிடிப்பவருக்கு வழக்கமான அளவு 21 மில்லிகிராம் பேட்ச் ஆறு வாரம், 14 இரண்டு வாரம், 7 இரண்டு வாரம். மேல்கையிலோ முதுகிலோ, முடியில்லாத உலர்ந்த தோலில், தினம் இடம் மாற்றி ஒட்டுங்கள். எண்ணெயோ பவுடரோ போட்ட தோலில் நிற்காது, வியர்வைக் காலத்தில் நன்றாகத் துடைத்து ஈரம் போன பிறகு ஒட்ட வேண்டும். கனவு மிகுந்து தூக்கம் கெட்டால் படுக்கும்போது எடுத்துவிடலாம். பேட்ச் நாள் முழுக்க அடித்தளம் போடும், திடீரென எழும் வேட்கைக்கு 2 மில்லிகிராம் கம். இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்துவது ஒன்றை மட்டும் பயன்படுத்துவதைவிட அதிகம் பலன் தருகிறது. எழுந்த அரை மணிக்குள் முதல் சிகரெட்டைப் பற்றவைப்பவர் என்றால், கம்மை மட்டுமே நம்பும்போது 4 மில்லிகிராம் தேவைப்படலாம், அதை மருத்துவர் எழுதித்தரட்டும்.

கம்மில் எல்லாரும் செய்யும் தவறு, அதைச் சாதாரணச் சூயிங்கம்போல மெல்லுவது. அப்படி மென்றால் நிகோட்டின் எச்சிலோடு வயிற்றுக்குப் போய் விக்கலும் நெஞ்செரிச்சலும்தான் மிஞ்சும். மிளகுக் காரம் நாக்கில் தட்டும்வரை மெதுவாக மென்று, கன்னத்துக்கும் ஈறுக்கும் இடையில் ஒதுக்கிவையுங்கள். காரம் அடங்கியதும் மறுபடி நாலு மெல்லல், மறுபடி ஒதுக்கல். ஒன்று அரை மணி நேரம் வரும். காபியோ எலுமிச்சைச் சாறோ குடித்த கால் மணி நேரத்துக்குள் போட்டால் அமிலத்தால் வாய்வழி உறிஞ்சல் குறைந்துவிடும். காபி குடித்துக்கொண்டே கம் மெல்லுகிறவர் 'இது எனக்கு வேலை செய்யவில்லை' என்று சொல்வதற்குக் காரணம் அதுதான். வாரெனிக்ளின் என்ற மாத்திரையும் உண்டு, விடுவதற்கு ஒரு வாரம் முன்பே தொடங்குவது. குமட்டலும் தெளிவான கனவுகளும் வரக்கூடும். உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். அண்மையில் மாரடைப்பு வந்தவர்கள் பேட்ச், கம் எதையும் கேட்காமல் தொடங்கக் கூடாது.

வாய்க்குக் கிராம்பு, ஏலக்காய், நெல்லிக்காய் வற்றல் எது வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள், பாக்கு மட்டும் வேண்டாம். புகையிலை சேராத வெறும் பாக்கும் வாய்ப்புற்றுநோயைக் கொண்டுவரும்.

இப்போது எழுத்து. முதல் மூன்று நாள் புதிதாக ஒரு வரியும் எழுத வேண்டாம். கையெழுத்துப் பிரதியைத் தட்டச்சு செய்யுங்கள், பாத்திரங்களின் வயதும் நடக்கும் ஆண்டுகளும் அத்தியாயத்துக்கு அத்தியாயம் பொருந்துகின்றனவா என்று பட்டியல் போட்டுப் பாருங்கள். நாவலாசிரியருக்கு இப்படிப்பட்ட வேலை எப்போதும் பாக்கி இருக்கும். நாலாம் நாளிலிருந்து இரண்டு வாரம் முடியும்வரை, எழுதிய அத்தியாயங்களைத் திருத்துங்கள், ஒரு அமர்வு இருபத்தைந்து நிமிடம் போதும். கவனம் உதிரியாக இருக்கும் காலத்தில் அதிகச் சொல்லை வெட்டுவது, பெயர் மாற்றுவது போன்ற வேலைகள் நடக்கும். பல இழைகளை ஒரே நேரத்தில் மனதில் பிடித்துக்கொண்டு எழுத வேண்டிய நீண்ட விவரணைகள் நடக்காது. மூன்றாம் நான்காம் வாரத்தில் புதிய காட்சிகளைத் தொடலாம், ஆனால் தினம் இருநூறு முந்நூறு சொல்லோடு நிறுத்துங்கள். உரையாடல் காட்சிகளை முதலில் எடுங்கள், ஒருவர் பேச்சு அடுத்தவர் பேச்சைத் தானாக இழுத்துவரும். வாக்கியங்கள் குட்டையாகவும் வறண்டும் வரும், வரட்டும். இரண்டு மாதத்துக்கு எதையும் கிழிக்கக் கூடாது. தேதி போட்டு உறையில் வைத்துவிடுங்கள், ஒன்பதாவது வாரம் எடுத்துப் படியுங்கள். அதில் சிலவற்றை அப்படியே வைத்துக்கொள்வீர்கள் என்று நம்புகிறேன்.

மேசையில் சிகரெட் தேவைப்படும் இடங்களையும் முன்கூட்டியே அடைக்கலாம். உட்காருவதற்கு முன் ஒன்று வேண்டும் என்பவர், முந்தின நாள் நிறுத்தும்போதே அடுத்த வாக்கியத்தைப் பாதி எழுதிவைத்துவிட வேண்டும், காலையில் அந்தப் பாதியை முடிப்பதுதான் முதல் வேலை. சொல் சிக்காத இடத்தில் ஒரு பெருக்கல் குறி போட்டுவிட்டு மேலே போங்கள்.

பத்தி முடிந்ததும் வரும் இடைவெளி இருக்கிறதே, அதை ஒழிக்கக் கூடாது, காப்பாற்ற வேண்டும். ஒரு சிகரெட் எரியும் ஐந்து நிமிடத்தில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். எழுந்து நிற்கிறீர்கள், கண் தூரத்துக்குப் போகிறது, கைக்கு வேலை இருக்கிறது, மூச்சு ஆழமாகிறது, வேறு யாருடைய சொற்களும் உள்ளே வருவதில்லை. அடுத்த வரி அங்கே பிறப்பது இதனால். புகையை எடுத்துவிட்டு மற்றதையெல்லாம் வைத்துக்கொள்ளுங்கள். மொட்டை மாடிக்குப் போய் நாலு எண்ணி மூக்கால் இழுத்து, ஆறு எண்ணி வாயால் விட்டு, பத்து மூச்சு. அல்லது சின்ன வெங்காயம் உரியுங்கள், செடிக்குத் தண்ணீர் ஊற்றுங்கள், டம்ளர் கழுவுங்கள். வேட்கையின் ஒரு அலை பொதுவாக ஐந்து நிமிடத்துக்குள் இறங்கிவிடும், அந்த வேலைக்கும் அவ்வளவு நேரம்தான் ஆகும். அலைபேசியை மட்டும் எடுக்காதீர்கள். ஐந்து நிமிடம் நாற்பதாகும், திரும்பி வரும்போது தலை முழுக்க மற்றவர்கள் வாக்கியம். சிகரெட்டை விட்டதும் எழுத்து வறண்டுபோனது என்று சொல்பவர்களில் பலர், சிகரெட் இருந்த இடத்தில் அலைபேசியை வைத்திருப்பார்கள்.

பசி கூடும், ஒரு வருடத்தில் நாலைந்து கிலோ ஏறுவது சராசரி. முதல் மாதம் அதோடு போராட வேண்டாம். இலக்கியக் கூட்டத்துக்குப் போங்கள், கூட்டம் முடிந்தபின் டீக்கடை வாசலில் நிற்பதை மட்டும் அந்த மாதம் தவிருங்கள். மது உள்ள அமர்வுகளையும் அப்படியே. மனச்சோர்வு இரண்டு வாரத்துக்கு மேல் இறங்காமல் நின்றால், அல்லது உயிரை விடத் தோன்றினால், அது எழுத்துப் பிரச்சினை இல்லை, உடனே மருத்துவரிடம் போக வேண்டும். சிகரெட் பெட்டியிலேயே அச்சிட்டிருக்கும் 1800-11-2356, புகையை விட உதவுபவர்களின் கட்டணமில்லா எண். விடும் தேதியை அவர்களிடம் சொல்லி வையுங்கள்.

இடையில் ஒன்று பிடித்துவிட்டால், பெட்டியில் மிச்சமிருப்பதைத் தண்ணீரில் நனைத்துக் குப்பையில் போடுங்கள். பேட்ச் ஒட்டியிருந்தால் எடுக்க வேண்டாம், அது தொடரட்டும். தேதியை முதலிலிருந்து எண்ணவும் வேண்டாம். அந்த ஒன்று எந்த மணிக்கு, எந்த வரியில் வந்தது என்று நோட்டில் குறித்துவிட்டு, மறுநாள் அதே இடத்தில் எழுத உட்காருவதற்கு முன்பே ஒரு கம்மைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொள்ளுங்கள்.