ஆலிவ் மரத்தில் வரும் நோய்கள்: கேள்வி - பதில்

கேள்வி: இலைகளில் மயிலிறகுக் கண் போல வட்டப் புள்ளிகள். மஞ்சளாகிக் கொட்டுகின்றன. இப்போது மருந்து அடிக்கலாமா?

அடித்தாலும் அந்த இலைகள் பிழைக்காது. புள்ளி கண்ணில் படுவதற்குப் பல வாரங்கள் முன்பே பூஞ்சை உள்ளே குடியேறியிருக்கும். தாமிர மருந்து இலை மேல் படிந்து புதிய தொற்றைத் தடுக்குமே தவிர, உள்ளே போனதை விரட்டாது. அறுவடை முடிந்து மழைக்காலம் தொடங்கும் முன் அடிப்பதுதான் பலன் தரும். சுமார் 15 முதல் 20 டிகிரி குளிர்ச்சியும் ஈரம் காயாத இலையும் இந்தப் பூஞ்சைக்கு மிகவும் தோதானவை. கடும் வெயிலில் அடங்கிவிடும். அதனால் அடர்ந்த உள்கிளைகளைக் கவாத்து செய்து காற்றோட்டம் கொடுங்கள். தாழ்ந்த கிளைகளை முதலில் பாருங்கள், நோய் பெரும்பாலும் அங்கேதான் தொடங்கும்.

கேள்வி: கிளைகளில் சொரசொரப்பான முடிச்சுகள் வந்திருக்கின்றன. வெட்டிவிடலாமா?

வெட்டலாம், ஆனால் மழை நாளில் கத்தியைத் தொடாதீர்கள். இது பாக்டீரியா வேலை. நனைந்த முடிச்சிலிருந்து கிருமி கசிந்து, கிடைக்கிற காயத்தில் எல்லாம் நுழையும். ஆலங்கட்டி அடித்த இடம், பனியில் வெடித்த பட்டை, கம்பால் அடித்துக் காய் உதிர்த்த தடம், இலை உதிர்ந்த வடு எல்லாமே அதற்கு வாசல்தான். மேலே சொன்ன புள்ளி நோயில் இலை கொட்டிய மரத்தில் முடிச்சும் வந்தால் வியப்பில்லை. ஒவ்வொரு மரத்துக்கும் கத்தியைக் கிருமிநீக்கம் செய்யுங்கள்.

கேள்வி: ஒரு பக்கக் கிளை மட்டும் திடீரெனக் காய்ந்தது. இத்தாலியில் பரவிய நோயாக இருக்குமோ?

எல்லோருக்கும் முதலில் அந்தப் பயம்தான் வருகிறது. இத்தாலியின் தென்கிழக்கு முனையில், சலெந்தோ பகுதியில் 2013இல் கண்டறியப்பட்ட ஸைலெல்லா என்ற பாக்டீரியா அது. நுரைப்பூச்சி சாறு உறிஞ்சும்போது மரத்துக்கு மரம் போகிறது. இலை நுனி கருகுவதில் தொடங்கி, மரத்தின் மேற்பகுதியில் அங்கங்கே கிளைகள் காயும்.

ஒரு பக்கம் மட்டும் வாடி, இலைகள் சுருண்டு உதிராமல் தொங்கினால் நான் முதலில் மண்ணைத்தான் சந்தேகிப்பேன். வெர்ட்டிசிலியம் வாடல் நோய் வேர் வழியே ஏறுவது. பருத்தி, தக்காளி, கத்தரி, உருளை விளைந்த நிலமா என்று விசாரியுங்கள். அந்தப் பூஞ்சை 10 ஆண்டுக்கு மேலும் மண்ணில் உயிரோடு கிடக்கும். இதைக் குணப்படுத்த மருந்து இல்லை. காய்ந்ததை வெட்டி, தண்ணீரையும் தழைச்சத்தையும் அளவோடு கொடுங்கள். சில மரங்கள் தாமாகவே தேறிவிடும். ஊடுபயிராகக் கத்தரியோ தக்காளியோ வேண்டவே வேண்டாம். இரண்டு நோய்களையும் வெறும் கண்ணால் உறுதியாகப் பிரிக்க முடியாது, ஆய்வுக்கூடப் பரிசோதனை அவசியம்.

கேள்வி: இலை மேல் கரி பூசியது போல் இருக்கிறது. தேய்த்தால் போகிறது.

செதில் பூச்சி கழிக்கும் இனிப்பு நீரில் வளரும் பூசணம் அது. பூச்சியையும், அதற்குக் காவல் நிற்கும் எறும்பையும் ஒழியுங்கள். கரி அப்புறம் தானாக உதிரும்.

கேள்வி: காய்கள் பழுக்கும் முன் அழுகி விழுகின்றன.

ஒன்றை நறுக்கிப் பாருங்கள். உள்ளே புழுவும் குடைந்த வழியும் இருந்தால் ஆலிவ் ஈ. புழு இல்லாமல், குழிந்த அழுகலின் மேல் ஆரஞ்சு நிறப் பிசுபிசுப்பு இருந்தால் ஆந்த்ரக்னோஸ் பூஞ்சை. இரண்டிலும் எண்ணெயின் அமிலத்தன்மை ஏறிவிடும். அறுவடையைக் கொஞ்சம் முன்னதாக வைத்து, பறித்ததைச் சீக்கிரம் ஆட்டிவிடுங்கள். கீழே விழுந்த காயை நல்ல காயோடு கலக்காதீர்கள். மரத்தில் வற்றித் தொங்கும் காய்களையும் பறித்து அப்புறப்படுத்துங்கள், அடுத்த ஆண்டுத் தொற்று அதிலிருந்தும் கிளம்பும்.