பள்ளி பேண்டும் படைச் சீருடையும்

அன்புள்ள ஐயா,

நாங்கள் டெக்சாஸில் வசிக்கிறோம். ஒன்பதாம் வகுப்புக்குச் செல்லும் என் மகள் பள்ளியின் மார்ச்சிங் பேண்டில், அதாவது அணிவகுத்து நடந்தபடியே வாசிக்கும் இசைக்குழுவில், கிளாரினெட் வாசிக்கிறாள். பள்ளி திறப்பதற்கு முன்பே ஆகஸ்ட் வெயிலில் பயிற்சி தொடங்கிவிட்டது. சீருடை, அணிநடை, மூத்த மாணவர்களின் கட்டளைகள் ஆகியவற்றைப் பார்த்தால் எனக்கு ராணுவம்தான் நினைவுக்கு வருகிறது. இசை கற்கப் போன பிள்ளைக்கு இதெல்லாம் எதற்கு? இந்த மரபு எங்கிருந்து வந்தது?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் ஐயம் பாதி சரியானது. சீருடையும், தொப்பியில் செருகும் இறகும், குழுவை முன்னின்று நடத்தும் டிரம் மேஜர் என்னும் பொறுப்பும் ராணுவ பேண்டுகளிலிருந்து வந்தவைதாம். 1880 முதல் 1892 வரை அமெரிக்க மரைன் படையின் பேண்டை நடத்திய ஜான் ஃபிலிப் சூசா, பின்னர் சொந்தக் குழுவுடன் நாடெங்கும் சென்று வாசித்த காலத்தில், தமக்கென்று ஒரு பேண்டு வைத்திருப்பதைச் சிற்றூர்கள்கூடப் பெருமையாகக் கருதின. முதல் உலகப் போர் முடிந்து திரும்பிய படை இசைக்கலைஞர்கள் பலர் பள்ளிகளில் ஆசிரியர்களானார்கள்.

ஆனால், பள்ளி பேண்டு இவ்வளவு வேகமாகப் பரவியதில் ராணுவத்தைவிட வியாபாரத்துக்கே பங்கு அதிகம் என்று நான் நினைக்கிறேன். கிராமஃபோனும் வானொலியும் வந்தபின் ஊர் பேண்டுகள் கலையத் தொடங்க, இந்தியானாவின் எல்க்ஹார்ட் போன்ற நகரங்களில் இருந்த இசைக்கருவித் தொழிற்சாலைகளுக்குப் புதிய வாடிக்கையாளர்கள் தேவைப்பட்டார்கள். 1923இல் சிகாகோவில் தேசிய அளவிலான முதல் பள்ளி பேண்டு போட்டியை நடத்த முன்னின்றவர்கள் அத்தொழிலைச் சேர்ந்தவர்களே. அதில் ஓஹையோவின் ஃபாஸ்டோரியா பள்ளி வென்றது. 1926 தொடங்கி மூன்றாண்டுகள் தொடர்ந்து இல்லினாயின் ஜோலியட் பள்ளி தேசியப் பட்டத்தை வென்றது. வெற்றி தோல்வியே எல்லாம் என்றாகிவிட்டதைக் கண்ட ஆசிரியர்கள், 1930களில் முதலிடம், இரண்டாமிடம் என்று வரிசைப்படுத்துவதைக் கைவிட்டு, ஒவ்வொரு குழுவுக்கும் அதன் தகுதிக்கேற்ற தரநிலை வழங்கும் முறைக்கு மாறினார்கள். உங்கள் மகள் ஒருநாள் 'டிவிஷன் ஒன்' (மிக உயர்ந்த தரநிலை) வாங்கினோம் என்று வந்து சொன்னால், அதன் பின்னால் இந்த வரலாறு இருக்கிறது. (கருவி விற்கத் தொடங்கிய ஏற்பாடு கல்வியாக மாறியதில் எனக்குக் குறையேதும் தெரியவில்லை.)

அணிநடையைப் பற்றித்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பேண்டு நடந்து வாசிக்கும் அமெரிக்கக் கால்பந்து மைதானத்தில் 5 கெஜத்துக்கு ஒரு வெள்ளைக்கோடு இருக்கும். ஒரு கோட்டிலிருந்து அடுத்த கோட்டை 8 காலடிகளில் எட்டுவது வழக்கம் என்பதால் ஒரு காலடி இருபத்திரண்டரை அங்குலம் ஆகிறது. குதிகாலை முதலில் ஊன்றி, பாதத்தை மெல்ல உருட்டி முன்விரலுக்குக் கொண்டுவரப் பழக்குவார்கள். பாதம் தரையில் அறைந்தால் அந்த அதிர்வு உடலேறி உதட்டுக்கு வந்து, கிளாரினெட்டின் நீண்ட சுரம் நடுங்கும். இடுப்புக்குக் கீழே எப்படி அசைந்தாலும் மேலே மூச்சு சீராக ஓட வேண்டும் என்பதே நோக்கம். ஆகவே, நீங்கள் படைப்பயிற்சியாகக் கண்டது பெரும்பாலும் மூச்சுப் பயிற்சிதான். கால்பந்துப் பருவம் முடிந்தபின் இதே பிள்ளைகள் நாற்காலியில் அமர்ந்து கச்சேரிக்கு ஆயத்தமாவதையும் பார்ப்பீர்கள்.

மூத்த மாணவர்களின் கட்டளைகளைப் பற்றி மட்டும் உங்களுடைய எச்சரிக்கை எனக்கும் உண்டு. நூறு, இருநூறு பேர் கொண்ட குழுவில் ஆசிரியர் ஒவ்வொருவரையும் தனித்தனியே கவனிக்க முடியாது. ஆகவே ஒவ்வொரு கருவிப் பிரிவுக்கும் ஒரு மூத்த மாணவர் பொறுப்பேற்று இளையவருக்குச் சொல்லித் தருகிறார், இந்த மரபு பிழைத்திருப்பதே அதனால்தான். அதே படிநிலை கெட்டுப்போனால் என்னவாகும் என்பதையும் மறக்கக் கூடாது: 2011இல் ஃபுளோரிடாவின் பல்கலைக்கழக பேண்டு ஒன்றில், சடங்கு என்ற பெயரில் சக மாணவர்கள் தாக்கியதில் டிரம் மேஜர் ஒருவர் உயிரிழந்தார். வாத்தியத்தையோ நடையையோ திருத்தும் கண்டிப்பை மகள் சொன்னால் விட்டுவிடுங்கள். புதியவர்கள் என்பதற்காகவே செய்யச் சொல்வதும், வீட்டில் சொல்லக் கூடாது என்பதுமாக எதுவும் இருந்தால், அன்றைக்கே பேண்டு ஆசிரியரைச் சந்தித்துப் பேசுங்கள்.