பெல்ஜியத்துப் பழுப்பு பீர் இப்படிப் புளிக்கிறதே, கெட்டுவிட்டதா?

கேள்வி: பெல்ஜியத்திலிருந்து வந்த நண்பர் லீஃப்மன்ஸ் கௌடன்பாண்ட் என்ற பழுப்பு பீர் இரண்டு பாட்டில் கொடுத்தார். ஒன்றைத் திறந்தோம், ஒரே புளிப்பு. கெட்டுப்போனதா? இல்லை இதுதான் அதன் சுவை என்றால் எப்படி ரசிப்பது?

கெடவில்லை. அது புளிக்கத்தான் வேண்டும். உங்களிடம் இன்னொரு பாட்டில் மிச்சம் இருப்பதைப் படித்ததும்தான் இந்தப் பதிலை எழுத உட்கார்ந்தேன்.

வேலைக்காக பெல்ஜியத்தின் கெண்ட் நகரத்துக்கு வந்த புதிதில் எனக்கும் இதே சந்தேகம் வந்தது. மெல்லிய தாளில் சுற்றிக் கடையில் அடுக்கியிருந்தார்கள். பார்க்க அழகாக இருந்ததால் வாங்கி, ராத்திரி முழுக்க ஃப்ரிட்ஜில் வைத்து, மறுநாள் வெயிலில் அலைந்து வந்த தாகத்தில் மடக் மடக்கென்று குடித்தேன். குளிர்ச்சியும் புளிப்பும் தவிர வேறொன்றும் தெரியவில்லை. பாதியைக் கொட்டிவிட்டேன். அந்த பீரை எப்படிக் குடிக்கக் கூடாதோ அப்படியே குடித்திருக்கிறேன் என்பது பிறகுதான் புரிந்தது.

புரிய வைத்தது அவுடனார்டே. கெண்டிலிருந்து தெற்கே ரயிலில் ஏறினால் அரை மணி நேரம், ஸ்கெல்டே ஆற்றங்கரையில் இருக்கும் சின்ன ஊர். சைக்கிள் பந்தயம் பார்ப்பவர்களுக்குப் பெயர் தெரிந்திருக்கும். டூர் ஆஃப் ஃப்ளாண்டர்ஸ் 2012 முதல் அங்கேதான் முடிகிறது. லீஃப்மன்ஸ் அந்த ஊரின் பீர் ஆலை, 1679 வரை பின்னோக்கிப் போகும் வரலாறு அதற்கு. நகரமன்றம் இருக்கும் சதுக்கத்தில் ஒரு கஃபேயில் உட்கார்ந்து கௌடன்பாண்ட் கேட்டேன். கடைக்கார அம்மா ஃப்ரிட்ஜைத் திறக்கவே இல்லை. கீழே நிலவறைக்குப் போய் எடுத்து வந்தார். வாய் அகன்ற, காம்பு வைத்த கண்ணாடிக் கோப்பையில் ஊற்றிவிட்டு, "கொஞ்ச நேரம் அப்படியே இருக்கட்டும், அது எங்கேயும் ஓடிப் போகாது" என்றார்.

காத்திருந்த நேரத்தில் பார்த்துக்கொண்டே இருந்தேன். நடுவில் கருப்பட்டிப் பாகு மாதிரி அடர்த்தி. ஜன்னல் பக்கம் பிடித்தால் ஓரத்தில் மாதுளைச் சிவப்பு. நுரை வெளுப்பாக இல்லை, பாலேட்டின் பழுப்பு. மூக்கருகே கொண்டுபோனால் ஊறவைத்த உலர்திராட்சை, பேரீச்சம்பழம், லேசாகக் கருக விட்ட சர்க்கரை. முதல் வாயில் நாக்கின் நுனிக்கு இனிப்பு வந்தது. அடுத்த நொடி கன்னத்தின் இரண்டு உட்பக்கமும் சுரந்து, புளிப்பு வந்தது. விழுங்கிய பிறகு கசப்பு என்று சொல்ல ஒன்றுமே இல்லை, இன்னொரு வாய் வேண்டும் போல இருந்தது. நான் கொட்டிய அதே பீர்தான் இது!

இந்த வகைக்கு பெல்ஜியத்தின் வடபகுதியான ஃப்ளாண்டர்ஸின் மக்கள் வைத்த பெயர் அவுட் ப்ரய்ன். 'பழைய பழுப்பு' என்று அர்த்தம். பெயரிலேயே செய்முறை இருக்கிறது. சாதாரண பீரில் ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று ஆல்கஹால் ஆக்குவதோடு வேலை முடியும். இதில் ஈஸ்டோடு லாக்டிக் அமில பாக்டீரியாவும் சேர்ந்துகொள்கிறது. லீஃப்மன்ஸில் மேல்மூடி இல்லாத செம்புத் தொட்டிகளில் நொதிக்க விடுகிறார்கள். பிறகு மாதக்கணக்கில் கிடந்து முதிர வேண்டும். பழுப்பு நிறமும் அந்தக் கருகல் இனிப்பும் வறுத்த மால்ட், அதாவது முளைகட்டிய பார்லி, கொடுப்பது. கசப்புக்காகச் சேர்க்கும் ஹாப்ஸ் பூவைக் குறைவாகத்தான் போடுவார்கள். கசப்பும் புளிப்பும் ஒரே வாயில் மோதினால் நாக்கு தாங்காது.

நீங்கள் 'ஒரே புளிப்பு' என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த இடத்தில்தான் நான் நிற்கச் சொல்வேன். புளிக்கரைசலின் புளிப்பு, மாங்காய்ப் புளிப்பு, எலுமிச்சைப் புளிப்பு, நாளான தயிரின் புளிப்பு, காடியின் (வினிகர்) புளிப்பு: கண்ணைக் கட்டிவிட்டுக் கொடுத்தாலும் நம் வீட்டில் யாரும் பிரித்துச் சொல்லிவிடுவார்கள். அந்த நாக்கை பீருக்கும் கொண்டு வாருங்கள். எவ்வளவு புளிக்கிறது என்று பார்க்காமல் எந்தப் புளிப்பு என்று பாருங்கள். இந்த பீரை ரசிக்க எனக்குத் தெரிந்த ஒரே சாவி இது.

அவுடனார்டேவின் பழுப்பு பீரில் இருப்பது பெரும்பாலும் தயிர்ப் புளிப்பு. பழைய சோற்று நீரில், மோரில் இருக்கும் அதே லாக்டிக் அமிலம். வட்டமான புளிப்பு, தொண்டையைப் பிடிக்காது. இதன் பக்கத்து மாகாணச் சொந்தக்காரர் மேற்கு ஃப்ளாண்டர்ஸின் சிவப்பு பீர். ரூசெலாரே ஊரின் ரோடன்பாக், விக்டே ஊரின் டுஷெஸ் தெ பூர்கோன் இரண்டும் அந்தக் குடும்பம். இவற்றில் காடிப் புளிப்பும் ஏறியிருக்கும், அதாவது அசிட்டிக் அமிலம். காரணம் பாத்திரம். ரோடன்பாக் ஆலையில் 'ஃபூடர்' எனப்படும் ஆளுயரத்தைத் தாண்டிய ஓக் மரப் பீப்பாய்கள் 294 இருக்கின்றன. சிலவற்றுக்கு 150 வயதுக்கு மேல். மரம் நூலளவு காற்றை உள்ளே விடும். அந்தக் காற்று கிடைத்தால்தான் காடி பாக்டீரியா வேலை செய்யும். அவுடனார்டே முறையில் பீர் மரத்தில் கிடப்பதில்லை, உலோகத் தொட்டியில் முதிர்கிறது. காற்று இல்லாததால் காடியும் அடங்கிவிடுகிறது. ரோடன்பாக் கிராண்ட் க்ரூ ஒன்றும் கௌடன்பாண்ட் ஒன்றும் பக்கத்தில் வைத்து மாறி மாறி ஒரு வாய் குடித்தால், எத்தனை பக்கம் எழுதினாலும் வராத தெளிவு ஐந்து நிமிடத்தில் வரும்.

இரண்டு ஊரும் ஒத்துப்போகும் விஷயம் கலப்பு. முதிர்ந்த பீரை மட்டும் பாட்டிலில் அடைத்தால் புளிப்பு முறுக்கிக்கொண்டு நிற்கும். இளம் பீரை அளவாகச் சேர்த்து இனிப்பை மீட்கிறார்கள். கிராண்ட் க்ரூவில் மூன்றில் இரண்டு பங்கு இரண்டு வருடம் மரத்தில் கிடந்தது, ஒரு பங்கு இளையது. கௌடன்பாண்டும் பழசும் புதுசும் கலந்ததுதான். எவ்வளவுக்கு எவ்வளவு என்பதை நாக்குதான் முடிவு செய்ய வேண்டும். இந்த இடத்தில் ரோசா மெர்க்ஸ் பெயரைச் சொல்லாமல் போக எனக்கு மனம் வராது. 1946-இல் லீஃப்மன்ஸில் செயலாளராக வேலைக்குச் சேர்ந்தவர், பீர் காய்ச்சும் பொறுப்பையே ஏற்கும் அளவுக்கு உயர்ந்தார். பெல்ஜியத்தின் முதல் பெண் தலைமை பீர் வடிப்பாளர் அவர். குழம்பை ஒரு சொட்டு உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்து 'இன்னும் ஒரு கொதி' என்று சொல்லும் பெண்களைப் பார்த்து வளர்ந்தவன் நான். அந்தத் திறமை எவ்வளவு பெரியது என்று எனக்குத் தெரியும்.

இனி உங்கள் இரண்டாவது பாட்டிலுக்கு வருகிறேன். விமானத்தில் குலுங்கி வந்திருக்கும், சில நாள் நிமிர்த்தி, குளிர்ந்த இருட்டான இடத்தில் வையுங்கள். ஃப்ரிட்ஜில் வைத்தால் குடிப்பதற்கு அரை மணி, முக்கால் மணி முன்னால் வெளியே எடுத்துவிடுங்கள். 10 முதல் 12 டிகிரிதான் இதற்குச் சரி. அதற்குக் கீழே போனால் பழ வாசமும் இனிப்பும் ஒடுங்கிப் புளிப்பு மட்டும் துருத்திக்கொண்டு நிற்கும். உங்களுக்கும் அதுதான் நடந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். எவர்சில்வர் டம்ளர் வேண்டாம், ஒயின் கோப்பை இருந்தால் போதும். பாதிக்கு மேல் ஊற்றாதீர்கள், வாசம் தங்க இடம் வேண்டும்.

முதல் வாயை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். மோர் மிளகாய் கடித்த வாய்க்குப் பாயசம் எப்படியோ, வேறு ருசியில் இருந்த நாக்குக்கு முதல் வாய்ப் புளிப்பு அப்படித்தான். மூன்றாவது வாயில் நாக்கு பழகிவிடும். பழம் அப்போதுதான் மேலே வரும். இன்னொன்று, இதில் ஆல்கஹால் 8 சதவீதம். தாகத்துக்குக் குடிக்கும் 5 சதவீத பீரின் வேகத்தில் போகக் கூடாது. பெரிய 750 மில்லி பாட்டில் என்றால் மூன்று பேர் பங்கிட்டால்தான் சரியாக இருக்கும்.

கூடச் சாப்பிட உப்பும் கொழுப்பும் உள்ளது எதுவும் பொருந்தும். முற்றிய சீஸ், வறுத்த முந்திரி, இறைச்சி எல்லாம் சரி. காரமான வறுவலோடு நான் முயன்று பார்த்தேன், வேண்டாம். ஆல்கஹால் மிளகாயின் எரிச்சலை ஏற்றிவிடுகிறது, பீரின் இனிப்பு காணாமல் போகிறது.

நிஜமாகவே கெட்ட பாட்டிலும் உண்டு. நகப்பூச்சு அழிக்கும் திரவத்தின் நெடி மூக்கில் குத்தினாலோ, நனைந்த அட்டைப்பெட்டி வாசம் வந்தாலோ விட்டுவிடுங்கள். வெயிலிலும் சூட்டிலும் கிடந்த பாட்டிலுக்கு இது நேரும். நல்லபடியாக வைத்த கௌடன்பாண்ட் வருடக்கணக்கில் தாங்கும். இனிப்பு மெல்ல வற்றி, உலர்பழமும் ஷெர்ரி ஒயின் சாயலும் கூடிக்கொண்டே போகும்.

வாங்கும்போது ஒரு எச்சரிக்கை: நெதர்லாந்திலும் அவுட் ப்ரய்ன் என்ற பெயரில் ஒன்று கிடைக்கும். அது ஆல்கஹால் குறைவான இனிப்பு பீர், இதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

இதையெல்லாம் செய்தும் உங்களுக்குப் பிடிக்கவில்லை என்றால் தயவுசெய்து நான் செய்ததுபோல் கொட்டாதீர்கள். மாட்டிறைச்சி சாப்பிடுபவர் என்றால், நிறைய வெங்காயத்தைப் பொன்னிறம் தாண்டும்வரை வதக்கி, கறியைத் தனியாகச் சிவக்க வறுத்துப் போட்டு, மிச்ச பீரை ஊற்றுங்கள். ஒரு ரொட்டித் துண்டில் கடுகு விழுது தடவி, தடவிய பக்கம் கீழே இருக்கும்படி மேலே வைத்து மூடி, சிறு தீயில் இரண்டரை மணி நேரம் விடுங்கள். ரொட்டி கரைந்து குழம்பு தானாகக் கெட்டிப்படும். இங்கே இதை ஸ்டோஃப்வ்லேஸ் என்பார்கள், பொரித்த உருளைக்கிழங்கோடு சாப்பிடுவார்கள். நான் மறுநாள் சூடாக்கிச் சோற்றில் பிசைந்தும் சாப்பிடுகிறேன்.