ஏக்கர் கணக்கு: வாசகர் கேள்வி, கிராணி பதில்

(மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் தோட்டக் கிராணியாக, அதாவது கணக்கராக, இருந்து ஓய்வு பெற்றவர் எழுதுகிறார்.)

கேள்வி: ஐயா, எனக்கு 58 வயது. தோட்டத்து ஆலையில் வேலை பார்த்தவன். இ.பி.எஃப். (ஊழியர் சேமநிதி) பணம் 230,000 வெள்ளி (ரிங்கிட்) இருக்கிறது. லாசா ஊருக்குப் போகும் வழியில் மூன்று ஏக்கர் செம்பனை (எண்ணெய்ப்பனை), ஏக்கர் 70,000 என்கிறார் தரகர். மரத்துக்கு 18 வயதாம். வெட்டுக்கூலி போக மாதம் ஆயிரம் கையில் நிற்குமாம். வாங்கலாமா?

பதில்: தம்பி, முதலில் அந்த ஆயிரத்தைப் பிரித்துப் பார்ப்போம். நாட்டின் சராசரி விளைச்சல் அண்மை ஆண்டுகளில் ஹெக்டருக்கு 16 டன் பழக்குலையை ஒட்டி நிற்கிறது. மூன்று ஏக்கர் என்றால் 1.2 ஹெக்டர், வருடத்துக்கு 19 டன் சொச்சம். டன் 750 வெள்ளி என்று வைத்துக்கொண்டால் 14,500. வெட்டுக்கும் லாரிக்கும் டன்னுக்கு 100 போட்டுக் கழித்தால் 12,500 மிஞ்சும். ஆக, தரகர் பொய் சொல்லவில்லை. அவர் சொன்னது உரம் போடாத தோட்டத்தின் ஆயிரம். மூன்று ஏக்கரில் நிற்கும் 165 மரத்துக்கு, மரம் ஒன்றுக்கு வருடம் எட்டு கிலோ வீதம் உரம் போட்டால் ஐம்பது கிலோ மூட்டை 26 ஆகும். மூட்டை 120 என்று வைத்தாலும் மூவாயிரத்தைத் தாண்டுகிறது. புல் மருந்துக்கும் மட்டை வெட்டுக்கும் ஓராயிரத்துச் சொச்சம். கடைசியில் மாதம் 700 வெள்ளிக்குக் கொஞ்சம் கீழே வந்து நிற்கிறீர்கள். உரத்தை நிறுத்தினால் உடனே தெரியாது. ஒன்றிரண்டு வருடம் கழித்துக் குலை சிறுத்துப்போகும். அதற்குள் விற்றவர் போய்விட்டிருப்பார்.

மூன்று ஏக்கருக்குக் கொடுக்கும் அந்த 210,000 வெள்ளியை இ.பி.எஃப்.-இலேயே விட்டிருந்தால்? 2023-க்கு 5.5 விழுக்காடு லாப ஈவு கொடுத்தார்கள், அதாவது 11,550 வெள்ளி. 2024-க்கு 6.3 விழுக்காடு. வெட்டுக்காரனைத் தேடி அலைய வேண்டாம், லாசா பக்கம் இறங்கும் யானைக்குப் பயப்பட வேண்டாம். 100 வயது வரை பணத்தை அங்கே வைத்திருக்கலாம். மரத்துக்கு அப்படி இல்லை. 25 வயதை ஒட்டி மறுநடவு செய்ய வேண்டும். உங்களுக்கு 65 ஆகும்போது மரத்தைச் சாய்த்துவிட்டு, புதுக்கன்று காய்க்கும்வரை மூன்று வருடம் கைக்காசில் உரம் போடுவீர்கள்.

அப்படியென்றால் நிலமே வாங்கக் கூடாதா என்று கேட்காதீர்கள். குலைக்காக வாங்காதீர்கள், கிரானுக்காக, அதாவது நிலப் பட்டாவுக்காக, வாங்குங்கள். இந்தப் பக்கத்தில் ஒரே வாய்க்காலின் இரு கரையில், ஒரே வயது மரம் நிற்கும் இரண்டு நிலங்களில் ஒன்றின் விலை மற்றதற்கு ஏணி வைத்தாலும் எட்டாது. ஒன்று சாதாரண கிரான், மற்றது மலாய்க்காரர்களுக்கு என்று ஒதுக்கிய மலாய் ரிசர்வ். ரிசர்வ் நிலம் உங்கள் பெயருக்கு மாறவே மாறாது. “கூட்டாளி பெயரில் எழுதிக்கொள்ளலாம்” என்று எவனாவது சொன்னால் அந்த இடத்திலேயே எழுந்து வந்துவிடுங்கள். அந்த ஏற்பாடு சட்டத்தில் செல்லாது.

ஆகவே முன்பணம் கொடுப்பதற்கு முன்னால், நில அலுவலகத்தில் கட்டணம் கட்டி அந்த லாட்டுக்கு ‘சாரியான் ரஸ்மி’ (அதிகாரப்பூர்வ நிலப் பதிவுத் தாள்) எடுங்கள். சொந்தக்காரர் பெயர், அடமானம், கேவியட் (கைமாற்றத்தைத் தடுக்கும் பதிவு) எல்லாம் அதில் இருக்கும். என்ன பயிருக்குக் கொடுத்த நிலம் என்ற நிபந்தனையும் இருக்கும். பழைய கிரானில் ரப்பர் என்று மட்டும் எழுதியிருந்து செம்பனை நிற்கும் நிலங்கள் உண்டு. மாநில அரசின் அனுமதி இல்லாமல் பெயர் மாற்றக் கூடாது என்ற தடையிருந்தால் காத்திருக்க வேண்டும். குத்தகை நிலம் என்றால் மிச்சம் எத்தனை வருடம் என்று பாருங்கள். பிறகு பிளானை வாங்கி, பாதை உங்கள் லாட்டைத் தொடுகிறதா என்று பாருங்கள். இன்று லாரி போகிற மண் ரோடு பக்கத்து நிலத்துக்காரருடையதாக இருக்கலாம். அவர் வேலி போட்டால் குலையைத் தோளில்தான் தூக்க வேண்டும்.

விலைக்குத் தரகர் வாயை நம்ப வேண்டாம். அந்த முக்கிமில் (வட்டாரத்தில்) நடந்த விற்பனைகள் மதிப்பீட்டுத் துறையிடம் பதிவாகியிருக்கின்றன, பார்க்கலாம். 210,000 வெள்ளிக்கு முத்திரை வரி 3,200, வழக்கறிஞர் கட்டணம் தனி. மூன்று வருடத்துக்குள் விற்றால் லாபத்தில் 30 விழுக்காடு வரி. ஆறாம் வருடத்திலிருந்து நம் குடிமக்களுக்கு அது இல்லை.

கிரான் சுத்தம், பாதை உண்டு, விலையும் படிகிறது என்றால் ஒரு ஏக்கரோ ஒன்றரையோ வாங்குங்கள். மொத்தப் பணத்தையும் மண்ணில் போடாதீர்கள்.

கேள்வி: தி.ஓ.எல். நிலம் இரண்டு ஏக்கர், மலிவாக வருகிறது. கைமாற்றி எழுதித் தருகிறேன் என்கிறார்கள். – ஓர் இல்லத்தரசி

பதில்: வேண்டாம் அம்மா. அது அரசாங்க நிலத்தில் தற்காலிகமாக இருக்கக் கொடுத்த உரிமம். வருடக் கடைசியோடு முடிந்து, புதுப்பித்தால்தான் உண்டு. அடுத்தவர் பெயருக்கு மாற்ற முடியாது, உரிமக்காரர் இறந்தால் அதோடு சரி. கைமாற்றி எழுதும் தாளை வைத்துக்கொண்டு நில அலுவலகத்தின் எந்த முகப்பில் போய் நிற்பீர்கள்?

கேள்வி: விவசாய நிலத்தைப் பத்தாயிரம் சதுர அடியாகப் பிரித்து, “விடுமுறை வீடு கட்டலாம்” என்று விற்கிறார்கள். மாதத் தவணையாம். சிங்கப்பூரில் வேலை செய்யும் என் மகன் ஆசைப்படுகிறான்.

பதில்: தேசிய நிலச் சட்டப்படி விவசாய நிலத்தை 0.4 ஹெக்டருக்குக் கீழே துண்டு போட முடியாது. அது ஏறக்குறைய ஓர் ஏக்கர், 43,000 சதுர அடி. பத்தாயிரத்துக்குத் தனி கிரான் எப்படி வரும்? நில வகையைக் கட்டடத்துக்கு மாற்றி, பிரீமியம் கட்டி, பிரித்தால்தான் வரும். அதைச் செய்துவிட்டுத்தான் விற்கிறார்களா என்று கேளுங்கள். “பிறகு செய்வோம்” என்பார்கள். அதுவரை உங்கள் மகன் கையில் இருப்பது ஓர் ஒப்பந்தத் தாள், மிஞ்சிப்போனால் பலரோடு சேர்ந்த பங்குப் பெயர். 1950-களில் வெள்ளைக்காரன் விற்ற தோட்டங்களைத் துண்டு துண்டாக வாங்கி விற்றார்கள், நம் சனம் லயத்து வீட்டை விட்டுத் தெருவுக்கு வந்தது. அந்த ஆத்திரத்தில்தான் நம்மூர் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த துன் சம்பந்தன் 1960-இல் கூட்டுறவுச் சங்கம் தொடங்கினார். தொழிலாளர்கள் மாதம் பத்து வெள்ளி கட்டி முழுத் தோட்டமாக வாங்கினார்கள். அவர்களும் தவணைதான் கட்டினார்கள், ஆனால் தோட்டம் சங்கத்தின் பெயரில் பதிவானது. மகனிடம் சொல்லுங்கள்: முதலில் அந்த நிலத்தின் சாரியான் தாளைக் கேட்கட்டும். தர மறுத்தால் தவணை அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிடட்டும்.