சைக்கிள் ஷூ குதிகாலைக் கடிக்கிறதா? கேள்வி பதில்

கிளீட் (ஷூவின் அடியில் பொருத்தி, பெடலோடு பூட்டிக்கொள்ளும் சின்னத் துண்டு) மாட்டும் ஷூவில் குதிகால் கன்றிப்போவது, தோல் உரிவது, கொப்புளம் போடுவது பற்றி வந்த கேள்விகளை இங்கே சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன். ஒரே மாதிரியான கேள்விகளை ஒன்றாக்கிவிட்டேன்.

கேள்வி: அண்ணா, புது ஷூ வாங்கி மூன்று வாரம் ஆகிறது. 20 கிலோமீட்டர் தாண்டினாலே இரண்டு குதிகாலும் எரிகிறது, வீட்டுக்கு வந்து பார்த்தால் நீர் கோத்திருக்கிறது. போடப் போடப் பழகிவிடும் என்கிறார்கள். பொறுத்துக்கொள்ளலாமா?

பதில்: பொறுக்காதீர்கள். நடக்கிற ஷூவுக்குச் சொல்கிற அறிவுரையை இதற்கும் சொல்கிறார்கள். நடக்கிற ஷூவின் அடிப்பாகம் பாதத்தோடு சேர்ந்து வளையும், நாளடைவில் தளரும். சைக்கிள் ஷூவின் அடிப்பாகம் நைலான் அல்லது கார்பன். அது வளையாது, வளையவும் கூடாது. குதிகாலைச் சுற்றியுள்ள ஹீல் கப்பும் பெரும்பாலும் கெட்டி பிளாஸ்டிக்தான். போடப் போட இளகுவது மேல்துணியும், கணுக்காலைத் தொடும் விளிம்பில் உள்ள பஞ்சும் மட்டுமே. விளிம்பு லேசாக உறுத்துகிறது என்றால் நாலைந்து சவாரியில் சரியாகும். மூன்று வாரமாகக் கொப்புளம் போடுகிறது என்றால் குதிகால் உள்ளே மேலும் கீழும் நகர்கிறது என்று அர்த்தம்.

கொப்புளம் வெறும் தேய்ப்பால் வருவதில்லை. வியர்வையில் ஊறிய தோல் ஷூவின் உள்துணியோடு ஒட்டி நிற்கும். உள்ளே எலும்பு மட்டும் நகரும். நடுவில் மாட்டிக்கொண்ட தோலின் அடுக்குகள் எதிரெதிர் திசையில் இழுபட்டு, ஒரு கட்டத்தில் உள்ளுக்குள் பிரிந்துவிடும். அந்த இடைவெளியில் நீர் நிரம்புவதுதான் கொப்புளம். நிமிடத்துக்கு 90 சுற்று மிதித்தால் ஒரு காலுக்கு மணிக்கு 5,400 முறை இந்த இழுப்பு நடக்கிறது. ஒவ்வொரு முறையும் இரண்டே மில்லிமீட்டர் நகர்ந்தாலும் போதும்.

சைக்கிளைச் சுவரோரம் நிறுத்தி ஏறி, ஷூவை வழக்கம்போல் இறுக்கி, கிளீட்டைப் பெடலில் மாட்டுங்கள். பிரேக்கைப் பிடித்துக்கொண்டு காலை மேல்நோக்கி இழுங்கள். இன்னொருவர் உங்கள் குதிகாலுக்குப் பின்னால் விரல் வைத்துப் பார்க்கட்டும். லேசாக அசைந்தால் பரவாயில்லை. குதிகால் இன்சோலை (ஷூவுக்குள் பாதத்துக்கு அடியில் இருக்கும் மெத்தையை) விட்டு எழும்புவது கண்ணுக்கே தெரிந்தால், அளவோ கட்டும் முறையோ தப்பு.

கேள்வி: ஷூவை இறுக்கும் டயலை நன்றாகத் திருகி இறுக்கிவிட்டேன். விரல்கள் மரத்துப்போகின்றன, ஆனாலும் குதிகால் நழுவுகிறது. இன்னும் எவ்வளவு இறுக்குவது?

பதில்: இறுக்கும் இடம் மாறிவிட்டது. விரல்களுக்கு மேலே உள்ள பட்டைக்குக் குதிகாலோடு சம்பந்தமே இல்லை. அதை இறுக்கினால் நரம்புதான் நசுங்கும். குதிகாலைப் பின்னுக்குத் தள்ளி உட்கார வைப்பது, பாதமும் கணுக்காலும் சேரும் மடிப்புக்குச் சற்று முன்னால் வரும் பட்டை.

உட்கார்ந்து காலை நீட்டி, விரல்களை மேலே தூக்கி, குதிகாலால் தரையில் இரண்டு மூன்று முறை தட்டுங்கள். பாதம் பின்னால் போய் ஹீல் கப்பில் அமரும். அந்த நிலையிலேயே கணுக்கால் பக்கத்து மேல் பட்டையை முதலில் இறுக்குங்கள். பிறகு நடுப்பட்டை, கடைசியாக விரல் பக்கம். அங்கே படுக்கிற அளவு போதும். பத்து நிமிடம் ஓட்டியதும் மேல் பட்டையை மட்டும் இன்னொரு முறை சரிபாருங்கள்; பஞ்சு அமுங்கி அது தளர்ந்திருக்கும். ஒரே டயல் முழு ஷூவையும் இழுக்கும் வகையாக இருந்தால் இந்த வித்தியாசம் காட்ட முடியாது. இரண்டு டயல் அல்லது டயலும் வெல்க்ரோவும் சேர்ந்த ஷூவை நான் பரிந்துரைப்பது இதனால்தான்.

இதற்குப் பிறகும் நழுவினால், ஷூவின் நாக்குக்கு அடிப்பக்கம் 3 மில்லிமீட்டர் தடிமனில் ஒரு ஃபோம் துண்டு ஒட்டுங்கள். அது பாதத்தின் மேல்புறத்தை அழுத்தி முழுப் பாதத்தையும் பின்னுக்குத் தள்ளும். இவ்வளவு மலிவான, இவ்வளவு நன்றாக வேலை செய்கிற வழி வேறில்லை. ஆனால் பலருக்கும் இது தோன்றுவதில்லை.

கேள்வி: குதிகாலுக்குப் பின்னால் ஒட்டுகிற ஜெல் பேட் வாங்கி வைத்திருக்கிறேன். ஒட்டலாமா?

பதில்: முதல் தீர்வாக வேண்டாம். பின்னால் ஒட்டுகிற பேட் பாதத்தை முன்னுக்குத் தள்ளும், விரல் நுனி இடிக்கும். ஜெல் அமுங்கி விரிவதால் குதிகாலின் அசைவும் நிற்காது. ஷூவுக்குள் இடம் அதிகமாக இருந்தால் பாதவளைவைத் தாங்குகிற நல்ல இன்சோல் போடுங்கள். ஷூவோடு வரும் மெல்லிய இன்சோலில் பெரும்பாலும் தாங்கலே இருக்காது. மிதிக்கும்போது வளைவு தட்டையாகிப் பாதம் நீள்கிறது, விட்டதும் சுருங்குகிறது. அந்த நீட்டமும் சுருக்கமும் குதிகாலில் உரசலாக முடிகிறது. பழைய இன்சோலை எடுத்துவிட்டுத்தான் புதியதைப் போட வேண்டும். ஒன்றின் மேல் ஒன்று போட்டால் பாதம் உயர்ந்து குதிகால் கப்பை விட்டு வெளியே வந்துவிடும்.

கேள்வி: அடுத்த ஷூ வாங்கும்போது அளவை எப்படிப் பார்ப்பது, சார்?

பதில்: மாலையில் போய்ப் பாருங்கள், பகலெல்லாம் நடந்து பாதம் சற்று வீங்கியிருக்கும். ஓட்டும்போது போடுகிற சாக்ஸையே போட்டுக்கொள்ளுங்கள். இன்சோலை வெளியே எடுத்து அதன்மேல் நின்றால், குதிகால் பின்விளிம்போடு சேர்ந்திருக்கும்போது நீளமான விரலுக்கு முன் 5 முதல் 10 மில்லிமீட்டர் மிஞ்ச வேண்டும். அதற்கு மேல் மிஞ்சினால் பெரிய அளவு. அகலம் போதவில்லை என்பதற்காக ஒரு எண் பெரிதாக வாங்குகிறார்கள். கொப்புளத்துக்கு நேர்வழி அதுதான்: அகலம் சரியாகும், குதிகால் மிதக்கும். அகலப் பாதத்துக்கென்று தனியாக வரும் மாடலைக் கேளுங்கள்.

கேள்வி: எனக்கு வலது குதிகாலில் மட்டும், அதுவும் உள்பக்கமாக வருகிறது. ஷூ இரண்டும் ஒரே அளவுதானே?

பதில்: ஷூ ஒரே அளவு, பாதங்கள் அப்படி இருக்காது. பலருக்கும் ஒன்று மற்றதைவிடச் சிறியது. வலது பாதம் சிறியதா என்று முதலில் அளந்து பாருங்கள். சிறியதென்றால் பெரிய பாதத்துக்கு ஷூ வாங்கி, சின்னப் பாதத்து ஷூவில் நாக்கு ஃபோமோ சற்றே தடித்த இன்சோலோ போட வேண்டியதுதான்.

ஆனால் பக்கவாட்டில் ஒரே இடத்தில் வருகிறது என்பதால் எனக்குக் கிளீட்டின் கோணத்தின்மேல்தான் சந்தேகம். மேசை விளிம்பில் உட்கார்ந்து கால்களைத் தொங்கவிடுங்கள். பாதம் இயல்பாக எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறதோ, பெடலிலும் அப்படித்தான் நிற்க விரும்பும். கிளீட் அதை நேராக்கி வைத்தால் ஷூ திரும்ப முடியாது, பாதம் மட்டும் உள்ளே முறுக்கிக்கொள்ளும். குதிகாலின் ஒரு பக்கம் ஹீல் கப்பில் தேயும். ஷூவின் உள்பக்கத்திலும் கிராங்கிலும் (பெடலைத் தாங்கும் கை) உரசிய தடம் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

கிளீட்டின் ஃப்ளோட்டும், அதாவது பெடலில் மாட்டிய பிறகும் பாதம் பக்கவாட்டில் திரும்ப அது விடும் அளவும், முக்கியம். ஷிமானோ எஸ்பிடி-எஸ்எல் கிளீட்டில் சிவப்பு 0 டிகிரி, நீலம் 2, மஞ்சள் 6. லுக் கியோவில் கருப்பு 0, சாம்பல் 4.5, சிவப்பு 9. ஒரு கம்பெனியின் சிவப்பு அசையவே அசையாது, இன்னொன்றின் சிவப்புதான் அதிகம் அசையும். பெடல் மாற்றும்போது பலர் இங்கேதான் ஏமாறுகிறார்கள். குதிகால் புண் இருக்கும்வரை 0 டிகிரியைத் தொடாதீர்கள். கோணத்தை ஒரு முறைக்கு ஒரு டிகிரி போல மாற்றி, இரண்டு சவாரி பார்த்து, பிறகு அடுத்தது. பழைய இடத்தை ஷூவின் அடியில் பேனாவால் வரைந்து வைத்துக்கொண்டு, போல்ட்டில் சிறிது கிரீஸ் தடவி 5 முதல் 6 நியூட்டன் மீட்டர் வரை இறுக்குங்கள்.

கேள்வி: சீட் உயரத்துக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

பதில்: நிறைய. சீட் உயரமாக இருந்தால் பெடல் கீழே போகும்போது கால் எட்டாது. விரலைக் கீழே நீட்டிக் குதிகாலைத் தூக்குவீர்கள். குதிகால் கப்பை விட்டு எழும்பும், விளிம்பு குதிகாலுக்குப் பின்னாலுள்ள தசைநாணில் குத்தும். குதிகாலைப் பெடலில் வைத்துப் பின்னோக்கி மிதித்துப் பாருங்கள்: பெடல் அடியில் இருக்கும்போது முழங்கால் நேராக வேண்டும், இடுப்பு ஆடக் கூடாது. ஆடினால் 3 மில்லிமீட்டர் வீதம் இறக்குங்கள்.

கிளீட் விரல் பக்கமாக அதிகம் முன்னால் இருந்தாலும் கணுக்கால் தேவையில்லாமல் வேலை செய்யும். 5 மில்லிமீட்டர் பின்னுக்குத் தள்ளிப் பாருங்கள். அப்படித் தள்ளினால் சீட்டையும் 2 மில்லிமீட்டர் போல இறக்க வேண்டி வரலாம்.

கேள்வி: எந்த சாக்ஸ் நல்லது?

பதில்: பருத்தி வேண்டாம். வியர்வையை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், ஈரத்தோல்தான் அதிகம் ஒட்டும். பாலியெஸ்டர், நைலான் அல்லது மெரினோ கம்பளிக் கலவை எடுங்கள். ஷூவின் விளிம்பைவிட இரண்டு விரல் உயரமாவது மேலே நிற்க வேண்டும். கணுக்காலுக்குக் கீழே முடியும் சின்ன சாக்ஸ் சுருண்டு உள்ளே போய், மடிப்பே புண்ணாக்கும். இரட்டை அடுக்கு சாக்ஸ் வேலை செய்யும், ஏனென்றால் நகர்வு இரண்டு துணிகளுக்கு நடுவில் நடந்துவிடுகிறது. ஆனால் தடிமன் கூடும். ஏற்கெனவே இறுக்கமான ஷூவில் போடாதீர்கள்.

கேள்வி: வாசலின், பவுடர், டேப். எதைப் பயன்படுத்துவது?

பதில்: டேப். வாசலின் முதல் ஒரு மணி நேரம் வழுக்கும். பிறகு துணி அதை உறிஞ்சிக்கொள்ள, மென்மையாகிப்போன தோல் முன்பைவிட அதிகமாகப் பிடிக்கும். சின்னச் சவாரிக்கு மட்டும் போதும். பவுடர் வியர்வையில் கட்டியாகித் தானே உறுத்தும்.

டேப் ஒட்டுவதிலும் பலர் தவறு செய்கிறார்கள். குதிகாலைக் கழுவி முழுதாகக் காய வையுங்கள், எண்ணெய்ப் பிசுக்கு இருக்கக் கூடாது. காகித அறுவை டேப்போ ஜிங்க் ஆக்சைடு டேப்போ எடுத்து, முனைகளை வட்டமாக வெட்டுங்கள். கூர்முனையிலிருந்துதான் உரியத் தொடங்கும். கணுக்காலை 90 டிகிரியில் வைத்து, இழுக்காமல், சுருக்கமில்லாமல் ஒட்டி, உள்ளங்கையால் அரை நிமிடம் அழுத்திச் சூடாக்குங்கள். புண் வரும் இடத்தைவிடச் சுற்றிலும் 2 சென்டிமீட்டர் பெரிதாக இருக்கட்டும்.

ஷூவுக்குள் ஒட்டுகிற வழவழப்பான டெஃப்லான் பட்டையும் கிடைக்கிறது. நீண்ட சவாரிக்காரர்களுக்கு எனக்குப் பிடித்த வழி அதுதான், தினமும் தோலில் ஒட்டி உரிக்கிற வேலை இல்லை.

கேள்வி: கொப்புளம் வந்துவிட்டது, இன்னும் மூன்று நாளில் நீண்ட சவாரி. குத்தி நீரை எடுத்துவிடலாமா?

பதில்: சிறியதாக, வலிக்காமல் இருந்தால் தொடாதீர்கள். மேல்தோலைவிட நல்ல கட்டு இல்லை. பெரிதாக, தெறித்து வலித்தால், கையையும் இடத்தையும் சோப்பால் கழுவி, ஆல்கஹாலில் துடைத்த ஊசியால் கொப்புளத்தின் ஓரத்தில் இரண்டு மூன்று இடத்தில் குத்தி, மெதுவாக அழுத்தி நீரை வெளியேற்றுங்கள். தோலைக் கிழிக்காதீர்கள். மேலே வாசலின் தடவி, ஒட்டாத கட்டுத்துணி போடுங்கள். தோல் ஏற்கெனவே உரிந்து, இடம் சுத்தமாக இருந்தால் ஹைட்ரோகொலாய்டு பிளாஸ்டர் (ஈரத்தை உறிஞ்சி ஜெல் போலாகும் வகை) நல்லது. அதைத் தானாக விழும்வரை விட்டுவிடுங்கள்.

சுற்றிலும் சிவப்பு பரவினாலோ, சீழ், சூடு, காய்ச்சல் இருந்தாலோ மருத்துவரிடம் போக வேண்டும். சர்க்கரை நோய் உள்ளவர்கள், பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள் ஊசியையே எடுக்கக் கூடாது. சின்னப் புண்ணும் அவர்களுக்குப் பெரிதாகலாம். நீண்ட சவாரியைத் தள்ளிப்போட முடியுமானால் தள்ளிப்போடுங்கள், தயவுசெய்து.

கேள்வி: குதிகாலுக்குப் பின்னால் எலும்பு போல ஒரு புடைப்பு. எந்த ஷூ போட்டாலும் அங்கேதான் கடிக்கிறது.

பதில்: அது குதிகால் எலும்பின் பின்மேல்புறம் துருத்தி நிற்கும் ஹாக்லண்ட் புடைப்பாக இருக்கலாம். இறுக்கமான ஹீல் கப் அழுத்தினால் எலும்புக்கும் தசைநாணுக்கும் நடுவிலுள்ள சின்ன நீர்ப்பை வீங்கும். காலையில் முதல் அடி வைக்கும்போது வலித்தாலோ, புடைப்பு சிவந்து சூடாக இருந்தாலோ எலும்பு மருத்துவரைப் பாருங்கள். ஷூவில் செய்யக்கூடியது: இன்சோலுக்கு அடியில், குதிகால் பகுதியில் மட்டும் 3 மில்லிமீட்டர் கெட்டி ஃபோம் வைத்தால் புடைப்பு விளிம்பைவிட உயரும். அல்லது புடைப்பு படும் இடத்தைச் சுற்றி வளையமாக ஃபோம் ஒட்டி, நடுவில் குழி விடுங்கள். புடைப்பின் மேலேயே பேட் ஒட்டினால் அழுத்தம் கூடும்.

கேள்வி: இரண்டு வருடம் கடிக்காத ஷூ, இப்போது கடிக்கிறது.

பதில்: உள்ளே விரல் விட்டுத் தடவுங்கள். ஹீல் கப்பின் துணி தேய்ந்து ஓட்டையாகி, பிளாஸ்டிக் தெரியும். கிழிந்த நூலை வெட்டி, பின்பக்கம் ஒட்டும் மெல்லிய தோல் துண்டை ஓட்டையைவிடப் பெரிதாக, விளிம்பு மடங்காமல் ஒட்டுங்கள். துணி நன்றாக இருந்தால் உப்பு படிந்திருக்கும். காய்ந்த வியர்வை உப்பு மணல் மாதிரி தேய்க்கும். இன்சோலை எடுத்துவிட்டு, ஈரத்துணியும் சோப்பும் கொண்டு உள்ளே துடைத்து, செய்தித்தாள் திணித்து நிழலில் காயவையுங்கள். வெயிலிலும் ஹீட்டரிலும் வைத்தால் பசை விடும்.

கேள்வி: ஓட்டும்போது ஒன்றும் இல்லை. ஆனாலும் வீட்டுக்கு வந்தால் கொப்புளம் இருக்கிறது. எப்படி?

பதில்: நடந்திருப்பீர்கள். வளையாத அடிப்பாகத்தோடு நடக்கும்போது பாதம் வளைய, ஷூ வளையாது. ஒவ்வொரு அடியிலும் குதிகால் முழுதாகக் கழன்று விழும். கிளீட் முன்பக்கத்தை உயர்த்துவதால் இன்னும் மோசம். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அரை கிலோமீட்டர் நடப்பது, ஒரு மணி நேரம் மிதிப்பதைவிடக் குதிகாலை அதிகம் கெடுத்துவிடும். இறங்கியதும் மேல் பட்டையைத் தளர்த்தாமல் இறுக்கமாகவே வைத்து, சின்ன அடிகளாக நடங்கள். தூரம் என்றால் ஷூவைக் கழற்றிவிடுங்கள். தினமும் நடக்க வேண்டியிருக்கிறது என்றால், கிளீட் உள்ளே பதிந்திருக்கும், ரப்பர் அடிப்பாகம் கொண்ட மலைச் சைக்கிள் ஷூவுக்கு மாறுவது நல்லது.