லொறிக்குப் பின்னால நிண்ட தங்கச்சிக்கு

கேள்வி: அக்கா, எனக்கு 26 வயசு, வெள்ளவத்தையில இருக்கிறன், ஒரு கம்பனியில அக்கவுண்ட்ஸ் வேலை. வெள்ளம் வந்த நேரம் ஃப்ரெண்ட்ஸோட வெல்லம்பிட்டிய பக்கம் சாப்பாட்டுப் பார்சல் குடுக்கப் போனன். எல்லாரும் ஓடியாடி வேலை செய்ய, நான் லொறிக்குப் பின்னால பார்சலை எண்ணிக்கொண்டு நிண்டன், ஒருத்தரோடயும் கதைக்க வரேல்ல. வீட்ட வந்து அழுதிட்டன். பிறகு நெட்ல குணபலம் பாக்கிற டெஸ்ட் ஒண்டு செய்தன். நிதானம், நேர்மை, படிக்கிற ஆர்வம் மேல வந்துது, துணிவும் தலைமைத்துவமும் கடைசியில. (கீழ் வீட்டு அம்மாவுக்கு சிங்களத்தில வாற கடிதங்கள வாசிச்சுச் சொல்றதத் தவிர நான் ஆருக்கும் ஒண்டும் செய்ததில்ல.) நான் பொதுவேலைக்கு சரிவர மாட்டனா? சுயநலக்காரியா?
- வெள்ளவத்தை வாசகி

பதில்: தங்கச்சி, உங்கட கடிதத்தில முக்கியமான வரிய ஏன் அடைப்புக்குறிக்குள்ள போட்டீங்க? அந்த அம்மாவக் கேட்டுப் பாருங்க, நீங்க சுயநலக்காரியா எண்டு.

முதல்ல அந்த டெஸ்ட். பீட்டர்சன், செலிக்மன் எண்ட ரெண்டு அமெரிக்க உளவியலாளர்கள் 2004ல மனுசருக்குள்ள இருக்கிற நல்ல குணங்கள 24ஆப் பிரிச்சு வச்சாங்க, நீங்க செய்ததும் அந்த வழியில வந்த ஒண்டாத்தான் இருக்கும். அதில கடைசியில வாறது ஃபெயில் இல்ல. 24ஐ வரிசைப்படுத்தினா ஏதோ ஒண்டு கடைசியில வரத்தானே வேணும். மேல வந்த நாலஞ்சையும் பாருங்க, அதுகள் உங்களுக்குக் களைப்பில்லாம வாற குணங்கள், அதுக்கேத்த வேலையத் தேடினா நீங்க நிலைச்சு நிப்பீங்க.

2016 மே மாசம் களனி கங்கை பெருகி கொலன்னாவை பக்கமெல்லாம் தண்ணி நிண்ட நேரம் நான் சாமான் சேக்கிற இடம் ஒண்டில வேலை செய்தன். உடுப்பு, பிஸ்கட், மருந்து எல்லாம் ஒரே குவியல். மைக் பிடிச்சுக் கத்த நிறையப் பேர் இருந்தாங்க, ஒரு தம்பி மட்டும் மூலையில இருந்து ஒவ்வொரு மருந்துப் பெட்டியாத் திருப்பி திகதி முடிஞ்சதுகளப் பிரிச்சு எடுத்துக்கொண்டே இருந்தான், ரெண்டு நாளும் அவன் கதைச்சத நான் கேக்கவே இல்ல. அவன் இல்லாட்டி பழுதான மருந்து குழந்தைகள் இருந்த முகாமுக்குப் போயிருக்கும். நீங்க அண்டைக்குப் பார்சலை எண்ணினீங்க எண்டீங்க, அதுவும் அப்பிடியான வேலைதான், எத்தின வந்துது எத்தின போச்சு எண்டு எழுதி வைக்க ஆளில்லாமத்தான் கன குழுக்கள் காசுக்கணக்கில சண்டை பிடிச்சு உடையுது.

ஒண்டு நேராச் சொல்றன், கோவிக்காதீங்க. ஃப்ரெண்ட்ஸ்ட பேஸ்புக் படங்களப் பாத்து வாற குற்ற உணர்ச்சியில போறது முதல் நாளுக்குக் காணும், ஆறாவது மாசத்துக்குக் காணாது. கிளாரி, ஸ்னைடர் எண்ட உளவியலாளர்கள் 1998ல ஆக்கள் ஏன் தொண்டு செய்றாங்க எண்டு ஆறு காரணமாப் பிரிச்சாங்க. மனசாட்சிக்காக, புதுசாப் படிக்க, ஆக்களோட சேர, குற்ற உணர்ச்சிய ஆத்த எண்டு அது போகும். தான் எதுக்கு வந்தமோ அது கிடைக்கிற இடத்திலதான் ஆக்கள் தொடர்ந்து இருக்க நினைக்கிறாங்க எண்டு அவங்க கண்டாங்க. நீங்க படிக்க ஆசைப்படுற ஆள், படிக்க இடமிருக்கிற வேலையாப் பாருங்க.

தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2016ன் 12ஆம் இலக்கம், அத எடுத்து வாசிங்க, தமிழ்லயே இருக்கு. உங்கட லேன்ல கான் ஏன் துப்பரவாக்கேல்ல, அதுக்கு எவ்வளவு காசு ஒதுக்கினாங்க எண்டு மாநகர சபையிட்ட பிரஜை ஆரும் கேக்கலாம், தமிழ்ல எழுதிக் கேக்கலாம், 14 வேலை நாளுக்குள்ள தகவல் தருவமா மாட்டமா எண்டு அவங்க முடிவு சொல்லோணும். இதுக்கு ஊர்வலம் போகத் தேவையில்ல, நிதானமா, திகதி போட்டு, கொப்பி வச்சு எழுதுற ஒரு ஆள்தான் வேணும். துணிவு கடைசியில வந்த ஆள் இதையும் செய்யலாம், நாலு கடிதம் எழுதினாப் பிறகு பயம் தன்பாட்டில குறையும்.

ரத்தம் குடுக்க விருப்பமெண்டா நாரஹேன்பிட்டியில தேசிய ரத்த நிலையம் இருக்கு, 18 வயசுக்கு மேல, 50 கிலோவுக்கு மேல, நாலு மாசத்துக்கு ஒருக்கா. அங்க ஆரோடயும் பெருசாக் கதைக்கத் தேவையில்ல.

ஆனா எனக்கு மனசெல்லாம் கீழ் வீட்டு அம்மாலதான் நிக்குது. கொழும்பில தமிழ் மட்டும் தெரிஞ்ச வயசான ஆக்கள் தண்ணி பில், ஆஸ்பத்திரித் துண்டு, ஒபிஸ் ஃபோர்ம் எல்லாத்தையும் கையில வச்சுக்கொண்டு ஆரட்டக் கேக்கிறதெண்டு தெரியாம நிக்கிறத நான் எத்தின தரம் பாத்திருக்கிறன். தமிழும் அரசகரும மொழிதான், ஆனா கவுண்டருக்கு முன்னால நிக்கிற அந்த அம்மாவுக்கு அதால என்ன பிரயோசனம்? உங்களுக்கு சிங்களம் வாசிக்கத் தெரியும், பொறுமை இருக்கு, பிழையா எழுதிப்போடக்கூடாதெண்ட பயமும் இருக்கு, இந்த வேலைக்கு அந்தப் பயம் நல்லது. ஒரு கவனம், அவங்கட ஐடி கார்ட், பேங்க் புத்தகத்தப் போட்டோ எடுத்து ஃபோன்ல வச்சிருக்காதீங்க.

வாற போயா லீவுக்கு அந்த அம்மாட்டப் போய், உங்கட லேன்ல வேற ஆருக்கெல்லாம் இப்பிடிக் கடிதம் வருதெண்டு கேளுங்க. எத்தின பேர் எண்டு எனக்கு எழுதுங்க, நான் பாத்துக்கொண்டிருப்பன்.