கேளுங்க சொல்றேன்: வீட்டுலயே சயின்ஸ் பர்த்டே

பர்த்டே பத்தி வந்த கேள்விகளை எல்லாம் இந்த தடவை ஒண்ணா சேத்து போட்டுட்டேன், ஏன்னா முக்கால்வாசி பேர் சயின்ஸ் தீம் சயின்ஸ் தீம்னுதான் எழுதியிருக்கீங்க.

கேள்வி: பொண்ணுக்கு 8 வயசு ஆகப்போகுது. கூட படிக்கிற பொண்ணு வீட்டுல ஆள் வெச்சு சயின்ஸ் ஷோ போட்டாங்களாம், அதே மாதிரி வேணும்னு ஒரே அடம். அவங்க கேக்குற காசு நமக்கு கட்டுப்படியாகாது. ரெண்டு பெட்ரூம் ஃப்ளாட், 12 பசங்க வருவாங்க. நான் படிச்சது பி.காம். என்னால முடியுமா?
- வாசகி, திருச்சி

பதில்: தாராளமா முடியும்மா. இன்னும் சொல்லப்போனா அந்த ஷோவை விட நல்லாவே வரும். ஷோன்னா என்ன, ஒருத்தர் வெள்ளை கோட்டு மாட்டிட்டு எல்லாத்தையும் தானே செய்வாரு, பசங்க தள்ளி உக்காந்து கைதட்டும், அவ்ளோதான். உங்க வீட்டுல ஒவ்வொரு பிள்ளையும் தன் கையால கலக்கட்டும். மூணு பேரா நாலு குரூப் பிரிச்சு, ஹால்ல தரையில பழைய பேப்பர் விரிச்சு உக்கார வெச்சிடுங்க, டேபிள்லாம் வேணாம், தட்டி விடும். லிஸ்ட்ல இருபது ஐட்டம் வேண்டாம், மூணு போதும், ஒரு மணி நேரம் ஓடிடும்.

முதல்ல பலூன். 300 மில்லி தண்ணி பாட்டில்ல மூணு நாலு டேபிள்ஸ்பூன் வினிகர், பலூனுக்குள்ள புனல் வெச்சு ஒரு டீஸ்பூன் ஆப்ப சோடா. பலூனை பாட்டில் வாயில மாட்டிட்டு தூக்கி நிறுத்தினா சோடா உள்ள விழும், புஸ்ஸுன்னு பொங்கி பலூன் தானா உப்பும். பேக்கிங் பவுடர் வேற, சோடா வேற, கடையில பாத்து வாங்குங்க. புது பலூன் விறைப்பா இருக்கும், முன்னாடியே ஒரு தடவை ஊதி காத்தை விட்டு வெச்சுக்கங்க. இதுல நெறைய பேர் கவனிக்காம விடுற ஒண்ணு இருக்கு: பொங்கி முடிஞ்ச உடனே பாட்டிலோட அடியை தொட்டுப் பாக்க சொல்லுங்க, ஜில்லுன்னு இருக்கும். அடுப்புல வெச்சாதானே பொங்கும், இது பொங்குது ஆனா குளிருதேன்னு ஒரு பிள்ளையாவது கேக்கும் பாருங்க. (அந்த ரியாக்‌ஷன் நடக்க சூடு தேவை, அதை சுத்தி இருக்கிற தண்ணியில இருந்தே எடுத்துக்குது.) அப்புறம் அந்த பலூனை முடிச்சு போட்டு, அதே சைஸுக்கு பம்புல காத்தடிச்ச பலூனோட சேத்து மேல இருந்து விட சொல்லுங்க, எது முதல்ல தரைக்கு வருதுன்னு அவங்களே கண்டுபிடிக்கட்டும். சோடாவும் வினிகரும் சேந்து உண்டாகி பலூனை உப்ப வெக்கிற கார்பன் டை ஆக்சைடு, காத்தை விட கனம்.

ரெண்டாவது சங்குப்பூ. நீல சங்குப்பூ ஒரு கைப்பிடி பறிச்சு வெந்நீர்ல போட்டா பத்து நிமிஷத்துல இங்க் மாதிரி நீலம் இறங்கிடும். வடிகட்டி குட்டி குட்டி டம்ளர்ல ஊத்திக் கொடுங்க. கூடவே எலுமிச்சை சாறு, உப்பு தண்ணி, சர்க்கரை தண்ணி, சோடா கரைச்ச தண்ணி நாலையும் பேர் எழுதாம நம்பர் மட்டும் போட்டு வைங்க. எதுல என்ன கலர் வரும்னு முதல்ல பேப்பர்ல எழுதணும், அப்புறம்தான் ஊத்தணும், இதுல மட்டும் கண்டிப்பா இருங்க. எலுமிச்சைக்கு ஊதா கலந்த பிங்க், சோடாவுக்கு பச்சை பக்கமா போகும், உப்புக்கும் சர்க்கரைக்கும் ஒண்ணும் ஆகாது. அந்த "ஒண்ணும் ஆகல"தான் பசங்களுக்கு பெரிய ஏமாற்றம், சில பிள்ளைங்க டம்ளரை வெளிச்சத்துல தூக்கி தூக்கி பாக்கும், ஒண்ணும் ஆகலேன்னாலும் அதுவும் ஒரு விடைதான்னு சொல்லுங்க.

மூணாவது மஞ்சள் லெட்டர். மஞ்சத்தூளை தண்ணியில கரைச்சு வெள்ளை பேப்பர்ல பூசி முந்தின நாளே காய வெச்சிடுங்க. துணி சோப்பை கரைச்ச தண்ணியில இயர்பட் தொட்டு எழுதினா எழுத்து செக்கச்செவேல்னு வரும், அதுமேல எலுமிச்சை சாறு தடவினா திரும்ப மஞ்சள் ஆயிடும். ஷாம்பு, பாத்திரம் கழுவுற லிக்விட் எல்லாத்துக்கும் இப்படி வராது, பார் சோப்தான் சரி. கேக் வெட்டினதும் எப்படியும் பாட்டி ஆரத்தி எடுப்பாங்க இல்ல, அந்த தட்டுல மஞ்சளும் சுண்ணாம்பும் சேந்து சிவக்குறதும் இதே கெமிஸ்ட்ரிதான், பசங்க முன்னாடியே கலக்க சொல்லுங்க. சுண்ணாம்பை மட்டும் பெரியவங்க கையில வெச்சுக்கங்க, கண்ணுல தெறிச்சா ரொம்ப ஆபத்து.

எல்லாத்தையும் முந்தின நாள் நீங்க ஒருக்கா செஞ்சு பாத்துடுங்க. பி.காம் படிச்சவங்க கணக்கா அளந்து வைப்பீங்க, அதுவே பெரிய ப்ளஸ்.

கேள்வி: கேக் பக்கத்துல புகை வர்ற மாதிரி டிரை ஐஸ் வைக்கலாம்னு தம்பி சொல்றான், ஆன்லைன்லயே கிடைக்குதாம். வாங்கலாமா?
- வாசகி, கோவை

பதில்: வேணாம். டிரை ஐஸ்னா கட்டியா உறைஞ்ச கார்பன் டை ஆக்சைடு, மைனஸ் 78 டிகிரி, வெறும் கையில தொட்டா தீப்புண்ணு மாதிரி ஆகும், யாராவது வாண்டு எடுத்து வாயில போட்டா கேக்கவே வேணாம். ஏசி போட்டு கதவை சாத்தின ரூம்ல அதுல இருந்து வர்ற கேஸ் தரையோட தேங்கும், குழந்தைங்க உயரமும் அதுதானே. பாட்டில்ல போட்டு மூடினா வெடிக்கும். லிக்விட் நைட்ரஜன் இன்னும் மோசம், மைனஸ் 196. 2024-ல கர்நாடகா தாவணகெரேல ஸ்மோக் பிஸ்கட் (லிக்விட் நைட்ரஜன் ஊத்தி புகையோட தர்ற பிஸ்கட்) தின்ன பையன் துடிச்ச வீடியோ எல்லார் போன்லயும் வந்துச்சே, மறந்துட்டீங்களா?

புகைய விடுங்க, நான் அதிகமா பயப்படுறது கேஸ் பலூனுக்கு. வண்டியில விக்கிற பலூன்ல பல இடத்துல ஹீலியம் கிடையாது, ஹைட்ரஜன்தான், விலை கம்மின்னு. கேக் மேல மெழுகுவர்த்தி எரியுது, தலைக்கு மேல ஹைட்ரஜன் தொங்குது, நெனச்சு பாருங்க. 2020-ல சென்னையில ஒரு விழாவுல பலூன் கொத்து தீப்பிடிச்சு பல பேருக்கு தீக்காயம். ஸ்னோ ஸ்ப்ரேயும் அப்படித்தான், அதுல இருக்கிற கேஸ் பத்திக்கும், மெழுகுவர்த்தி எரியும்போது யாரையும் அடிக்க விடாதீங்க.

கேள்வி: தட்டுல தண்ணி ஊத்தி மெழுகுவர்த்தி வெச்சு டம்ளரை கவுத்தா தண்ணி மேல ஏறும். ஆக்சிஜன் தீந்துபோச்சு, அந்த இடத்துக்கு தண்ணி வருதுன்னுதான் எங்க வாத்தியார் சொன்னாரு. என் பையன் (11 வயசு) அது தப்புங்கறான். பார்ட்டியில இதை செய்யலாம்னு இருக்கேன், எது சரி?
- வாசகர், மதுரை

பதில்: பையன் பக்கம் நிக்கிறேன் சார். ஆக்சிஜன் தீர தீர ஏறுதுன்னா எரியும்போதே கொஞ்சம் கொஞ்சமா ஏறணும். நீங்க உத்து பாருங்க, தீ அணையற வரைக்கும் பெருசா ஏறாது, அணைஞ்ச பிறகுதான் சட்டுனு ஏறும். தீ சூட்டுல உள்ள காத்து விரியுது, சில சமயம் டம்ளர் ஓரமா குமிழ் குமிழா வெளிய போறது கண்ணுக்கே தெரியும். அணைஞ்சதும் மிச்ச காத்து ஆறி சுருங்குது, வெளிக்காத்து தண்ணியை உள்ள தள்ளுது. ஆக்சிஜன் செலவாகுறது உண்மை, ஆனா அதுக்கு பதிலா கார்பன் டை ஆக்சைடும் நீராவியும் உண்டாகுதே, அது எங்க போகும்? அதுவுமில்லாம உள்ள இருக்கிற ஆக்சிஜன் முழுசா தீர்றதுக்கு முன்னாடியே மெழுகுவர்த்தி அணைஞ்சிடும்.

சண்டையை தீத்துக்க ஒரு வழி இருக்கு. அதே டம்ளர், முதல்ல ஒரு மெழுகுவர்த்தி, அப்புறம் மூணு. டம்ளர்ல ஆக்சிஜன் மாறல, ஆனா மூணு வெச்சா தண்ணி இன்னும் உயரமா ஏறும். பையனோட ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் அதே வயசுன்னா தாராளமா வைங்க, தீப்பெட்டி உங்க கையில இருக்கட்டும், முடி நீளமா இருக்கிற பிள்ளைங்களை பின்னல் போட்டு உக்கார சொல்லுங்க.

கேள்வி: சாப்பாட்டுக்கும் ரிட்டர்ன் கிஃப்ட்டுக்கும் கூட தீம் வேணுமா? மூணு நாலு வயசு வாண்டுங்களும் வரும்.
- வாசகி, பாண்டிச்சேரி

பதில்: சாப்பாட்டுக்கு தீமெல்லாம் தேவையில்லீங்க, பூரி போடுங்க, மாவுக்குள்ள இருக்கிற தண்ணி ஆவியாகி உப்புதுன்னு ஒரு வரி சொன்னா அதுவே தீம். ஆனா சாப்பிடுற பொருளையும் கலக்குற பொருளையும் ஒரே ரூம்ல வைக்காதீங்க. சங்குப்பூ தண்ணி அழகா இருக்கும், சின்னது ஒண்ணு எடுத்து குடிச்சிட்டு பக்கத்துல இருக்கிற சோப்பு தண்ணியையும் குடிச்சிடும். வாண்டுங்களுக்கு தனியா ஒரு டப் தண்ணி, நாலு ஸ்பூன், ஒரு ஆரஞ்சு கொடுத்து எது மிதக்குதுன்னு பாக்க விடுங்க, ஆரஞ்சை தோலோட ஒரு தடவை, உரிச்சு ஒரு தடவை. பக்கத்துல ஒரு பெரியவங்க உக்காந்தே ஆகணும்.

கிஃப்ட்டுக்கு பூதக்கண்ணாடி நல்லது, வெயில்ல பேப்பர் கொளுத்தாதேன்னு அம்மாக்கள் கிட்ட சொல்லி அனுப்புங்க. மினுக்குற லைட் பொம்மை, குட்டி குட்டி காந்த உருண்டை ரெண்டும் வேணாம். அந்த பொம்மைக்குள்ள இருக்கிற பட்டன் பேட்டரியை முழுங்கினா ரெண்டு மணி நேரத்துலயே உணவுக்குழாய் வெந்துபோயிடும், காந்தம் ரெண்டு மூணு உள்ள போனா குடலுக்குள்ள ஒட்டிக்கிட்டு ஓட்டை போட்டுடும். முழுங்கிட்டான்னு சந்தேகம் வந்தாலே போதும், வாந்தி எடுக்க வைக்காம நேரா ஆஸ்பத்திரிக்கு ஓடணும்.